கரீமா தைத்த முப்பது பைகள்

“உம்மா, பெருநாளைக்கு இன்னும் எத்தனை நாள்?”

எட்டு வயது அமீருல் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டால் நோன்பு மாதம் நெருங்குகிறது என்று அர்த்தம். பல் துலக்கும்போது ஒரு தடவை, பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து ஒரு தடவை. பதில் சொன்ன பிறகும் கேட்பான். ஒரு வருஷம் கரீமா பொறுமையிழந்து, “நீ கேக்குற ஒவ்வொரு தடவைக்கும் பெருநாள் ஒரு நாள் தள்ளிப் போவும்” என்று சொல்லிவிட்டாள். அமீருல் சிரித்தான். கடைக்குட்டி நூருல்தான் அதை உண்மையென்று நம்பி, அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையால் பொத்தினாள்.

கரீமாவுக்கு முப்பத்தாறு வயது. அவள் கணவர் ஷேக் தாவூது மலேசியாவில், கோல சிலாங்கூர் பழைய டவுனில், குன்றின் அடிவாரத்தில், சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவருடைய வாப்பா அதிராம்பட்டினத்திலிருந்து வந்து தொடங்கிய கடை. கரீமாவும் அதே அதிராம்பட்டினத்துப் பெண்தான். கல்யாணமாகி விமானம் ஏறி வந்தவள். வந்து பதின்மூன்று வருஷம் ஆகியும் அவளுக்குத் தெரிந்த கோல சிலாங்கூர் நான்கு இடங்களுக்குள் அடங்கிவிடும்: வீடு, பிள்ளைகளின் பள்ளி, கடை, செவ்வாய்க்கிழமைச் சந்தை. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததில் மற்றதெல்லாம் கார் கண்ணாடிக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது.

சின்ன வயதில் அவள் அப்படி இல்லை. எதையும் நோண்டிப் பார்க்கிற பெண். ஊர்க் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். இரண்டாம் ஆண்டில் வகுப்பையே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். வீட்டில் அவளை மட்டும் விடவில்லை. “பொம்பளப் புள்ள படகுல போயி என்னத்தப் பாக்கணும்?” என்று வாப்பா கேட்டார். கரீமா வீட்டிலிருந்தபடியே புத்தகத்தைப் பார்த்து அந்த மரங்களின் மூச்சு வேர்களைப் படமாக வரைந்தாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருஷம் நோன்புக்கு முன்னால், பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி ஒரு விஷயம் சொன்னாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நூருல் படிப்பதும் அவளிடம்தான். தீபாவளிக்கு முன்னால் வகுப்பில் காகிதக் குவளைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளை எடுக்க விட்டாளாம். ஒவ்வொன்றிலும் அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரு வேலை எழுதியிருக்கும். விளக்குக்கு வர்ணம் அடி, முறுக்கு பிழி, இப்படி.

“அப்புறம் ஒரு புள்ளகூட ‘டீச்சர், தீபாவளி எப்போ’ன்னு கேக்கல கரீமா. என் காது தப்பிச்சுது.”

கரீமா யோசித்தாள். எழுதி வைத்தால் அமீருல் யாரும் பார்க்காத நேரத்தில் முப்பதையும் ஒரே மூச்சில் படித்துவிடுவான். எழுத்தே வேண்டாம். நாளுக்கு ஒரு பொருள் வைக்கலாம். அந்தப் பொருளைப் பார்த்து அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

அலமாரியிலிருந்து ஷேக் தாவூதின் பழைய கைலிகளை எடுத்தாள். நீலக் கட்டம், பச்சைக் கட்டம், மெரூன், வெளுத்துப்போன ஊதா. சதுரம் சதுரமாக வெட்டி ஒரு படுக்கை விரிப்பின் மேல் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று முப்பது பைகளைத் தைத்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியபோது அது ஒரு சின்னக் கடைவீதி மாதிரி இருந்தது.

ஷேக் தாவூது அன்று மதியம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அலமாரியில் வெகுநேரம் தேடினார்.

“என் நீலக் கைலி எங்க புள்ள?”

“கூடத்துல இருக்கு மச்சான்.”

கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார்.

“அது நல்லாத்தானே லா இருந்துச்சு” என்று அந்த ஊர் ‘லா’வோடு மட்டும் சொல்லிவிட்டுத் துண்டோடு திரும்பிப் போனார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

முதல் நோன்பன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் மூவரும் சுவரின் முன் உட்கார்ந்தார்கள். மூத்தவள் ஷஃபீகா பதினொரு வயதுக்காரி, முழு நோன்பு. அமீருல் மதியம் வரைக்கும். நூருலின் நோன்பு குளிர்சாதனப் பெட்டி கண்ணில் படும்வரை. ஆளுக்கு ஒரு தடவைதான் ஊகம் சொல்லலாம் என்பது விதி.

முதல் பையில் பேரீச்சங்கொட்டை ஒன்று இருந்தது.

“பேரீச்சம்பழ கேக் செய்யப் போறோம்” என்றாள் ஷஃபீகா.

“இது கொட்ட லா. கொட்டையில கேக் செய்வாங்களா?” என்றான் அமீருல். “கோலி விளையாடப் போறோம்.”

நூருல் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, “நடப் போறோம்” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. தயிர் டப்பாவில் மண் போட்டு ஊன்றினார்கள்.

“முளைக்குமா உம்மா?”

“தெரியல. பாப்போம்.”

அது முளைக்கவில்லை. நூருல் கொட்டை மிதக்கும் அளவுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினாள். ஆனால் மறுநாளிலிருந்து அமீருலின் கேள்வி மாறிவிட்டது. பெருநாளைக்கு எத்தனை நாள் என்பதை விட்டுவிட்டு, “இன்னைக்குப் பையில என்ன?” என்று கேட்டான்.

ஒருநாள் பையில் ஆரஞ்சு நிறக் கம்பளி நூல் கொஞ்சம் இருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த யோசனையைச் சொல்லித் தந்திருந்த புஷ்பவள்ளி எல்லோரையும் காரில் ஏற்றி, கடைக்கு மேலே கலங்கரை விளக்கம் இருக்கிற குன்றுக்கு அழைத்துப்போனாள். சாம்பல் நிறக் குரங்குகள் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றின் மடியில் ஒரு குட்டி. அந்தக் குட்டி மட்டும் கம்பளி நூலைப் போலவே பளபளவென்று ஆரஞ்சாக இருந்தது.

“அது வேற குரங்கோட புள்ளையா?” என்று கேட்டான் அமீருல்.

“அதோட புள்ளதான். வளர வளரக் கறுத்துடும்.”

“ஏன் முதல்ல ஆரஞ்சு?”

கரீமாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினாள். கூட்டத்தில் எல்லோரும் குட்டியைக் கவனித்துப் பார்த்துக்கொள்ள அந்த நிறம் உதவலாம் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். வேறு காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள்.

“யாருக்கும் உறுதியாத் தெரியாதாம்” என்றாள்.

அமீருலுக்கு அதிர்ச்சி. “கூகலுக்கே தெரியாதா?”

அன்று இரவுச் சமையலின்போது கரீமா தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பதில் தெரியாமல் நின்றது அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது. அப்படி நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் கரண்டி வந்தது. நோன்புக் கஞ்சியைத் தூக்கு வாளியில் ஊற்றித் தெரு முழுக்கக் கொடுத்து வந்தார்கள். இறால் தலை வந்தது. அதிராம்பட்டினத்துப் பலகாரமான வாடா சுட்டார்கள். சவர்க்காரத் துண்டு வந்த அன்று பள்ளிக் காலணிகளைக் கழுவ வேண்டியிருந்தது. அந்த விளையாட்டு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. “இது ஏமாத்து வேல லா” என்றாள் ஷஃபீகா.

பத்து நாள் போவதற்குள் கரீமாவின் சரக்கு தீர்ந்துவிட்டது. வீட்டையும் சமையலறையையும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? ஊரைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால்தானே ஊரிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைக்க முடியும்?

பிள்ளைகள் பள்ளிக்குப் போன ஒரு காலையில், கடைக்குப் பின்னால் குன்றைச் சுற்றிப் போகிற சாலையில் அவள் நடந்தாள். அந்தப் பக்கம் ஏதோ பூங்கா இருப்பதாகப் பலகை பார்த்திருக்கிறாள். பூங்கா என்றால் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்திருந்தாள். உள்ளே ஒரு பலகைப் பாதை மரங்களுக்கு நடுவே போனது. கொஞ்ச தூரத்தில் மண் சேறானது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் ஏதோ மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

கரீமா நின்றுவிட்டாள்.

அவை மூச்சு வேர்கள். புத்தகத்தைப் பார்த்து அவள் வரைந்து, பாகங்களைக் குறித்து, நிழல் தீட்டிய அதே வேர்கள். முத்துப்பேட்டைக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்தி வைத்த அந்தப் பெண்ணுக்கு, கடல் கடந்து வந்த ஊரில், கணவருடைய கடைக்குப் பின்னால், நடக்கிற தூரத்தில் அலையாத்திக் காடு இருந்திருக்கிறது. பதின்மூன்று வருஷமாக இருந்திருக்கிறது. அவள் குனிந்து ஒரு வேரைத் தொட்டாள். பஞ்சு போல மெத்தென்று இருந்தது. இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

மறுநாள் பையில் பென்சில் ஒன்று இருந்தது. “வீட்டுப் பாடமா?” என்று மூன்று பேரும் முகம் சுளித்தார்கள். கரீமா அவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். சேற்றைப் பார்த்ததும் அமீருல் கத்தினான்: “பென்சில் காடு!”

அவள் ஒரு மரத்தின் இலையைக் காட்டி, “இந்த மரம் உப்புத் தண்ணியக் குடிச்சுட்டு உப்ப மட்டும் இல வழியா வெளிய தள்ளிடும்” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அமீருல் இலையை நக்கிவிட்டான்.

“ஆமா உம்மா, கரிக்குது!” என்றவன் உடனே வெளிறிப்போனான். அன்றைக்குத்தான் முதன்முதலாக முழு நோன்பு பிடித்திருந்தான். “என் நோன்பு போச்சா?”

“மறதியா செஞ்சா போகாது” என்றாள் ஷஃபீகா. ஆனால் நக்கியது மறதியா ஆர்வமா என்று அவளுக்கும் சந்தேகம்தான். துப்பச் சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

சேற்றில் விரல் நீளத்துக்கு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மீன் நீந்தவில்லை, நடந்தது. முன்துடுப்புகளை ஊன்றி ஊன்றி ஏறி, முழித்த கண்களால் இவர்களைப் பார்த்தது. அமீருல் பலகைப் பாதையின் கம்பிக்கு அடியில் நுழைந்து ஒன்றைப் பிடிக்கக் கையை நீட்டினான். அடுத்த நொடி கீழே இருந்தான். ஒரு காலை எடுக்க முயன்றபோது மற்றது முழங்காலுக்கு மேல் போனது.

“அசையாத! அசையாத அமீருல்!”

கரீமா பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அவன் அக்குளைப் பிடித்தாள். ஷஃபீகா உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். நூருல் உரக்க அழுதாள். வேர்களுக்கு இடையே தண்ணீர் மெல்லப் பரவி வருவதைக் கரீமா அப்போதுதான் கவனித்தாள். வந்தபோது அது அங்கே இல்லை. மூன்றாவது இழுப்பில் அவன் மேலே வந்தான், இரண்டு செருப்பும் சேற்றுக்குள் போக.

வீட்டுக்கு வரும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். கைபேசியில் ஷேக் தாவூதின் அழைப்புகள் குவிந்திருந்தன. வீட்டுக்கு இஃப்தார் சாப்பாடு கொண்டுவந்த கடைப் பையன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான். நோன்பு திறக்கிற கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஷேக் தாவூது வந்து வாசலில் நின்றார். மகனின் இடுப்பு வரைக்கும் இருந்த சேற்றைப் பார்த்தார்.

“எங்க போனீங்க?”

கரீமா சொன்னாள்.

“அந்தச் சேத்துக்கா? இந்த நேரத்துலயா? புள்ளைங்கள வச்சுக்கிட்டு உனக்கு வெளையாட்டா இருக்கா?” அவர் குரல் உயர்ந்து பிள்ளைகள் கேட்டதே இல்லை. “இனி பையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுல இருங்க.”

கரீமா அமீருலைக் குழாயடியில் நிறுத்திக் கழுவினாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அதே சமயம், “வீட்டுல இருங்க” என்ற சொல் நெஞ்சில் போய் நின்றுகொண்டது. அதை அவள் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

மறுநாள் பை காலி. அதற்கு மறுநாளும் காலி. பிள்ளைகள் அஸருக்குப் பிறகு சுவரின் முன் வந்து உட்கார்ந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவரும் முறையிடவில்லை. அதுதான் கரீமாவுக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நூருல் பைக்குள் கையை விட்டு வீல் என்று கத்திக் கையை உதறினாள். தரையில் விழுந்தது ஒரு பெரிய நண்டின் கொடுக்கு. கழுவிக் காயவைத்து, நுனியில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது.

“உம்மா வச்சீங்களா?”

“இல்லையே. நீ வச்சியா?”

ஷஃபீகா இல்லையென்று தலையாட்டினாள். அமீருல், “நான் வச்சிருந்தா நானே சொல்லியிருப்பேனே” என்றான். அது உண்மை, அவனால் எதையும் அடக்கி வைக்க முடியாது. நால்வரும் கொடுக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். புஷ்பவள்ளியா? அவள் நண்டு சாப்பிடமாட்டாள். பூனை தூக்கி வந்ததா? பூனைக்கு ரப்பர் வளையம் மாட்டத் தெரியாது. ஊகங்கள் தீர்ந்துபோன நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. ஷேக் தாவூது. பின்னால் கடையின் இரைச்சல்.

“என்ன, யாரும் கண்டுபிடிக்கலையா?”

கரீமா கொடுக்கை மறுபடியும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“நாளைக்கு சுபுஹு தொழுதுட்டு எல்லாரும் ரெடியா இருங்க. செருப்புப் போட்டுக்கிட்டு.”

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர் வேன் பாலத்தைத் தாண்டி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பாசிர் பெனம்பாங்குக்குப் போனது. மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து துறையில் கட்டிக்கொண்டிருந்தன. கூடை கூடையாக நண்டு, இறால், வாலடிக்கும் மீன். பனிக்கட்டி உடைக்கும் சத்தம். ஷேக் தாவூது பலகைகளின் மேல் கால் வழுக்காமல் நடந்து, ஒரு சீனப் பெண்மணியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் உரக்கச் சிரித்துப் பதில் சொன்னார். இவரும் சிரித்துத் திருப்பிச் சொன்னார்.

கரீமா கணவரின் கையைப் பிடித்தாள். “மச்சான், உங்களுக்குச் சீன பாஷ தெரியுமா?”

“மீன் வாங்குற அளவுக்குத் தெரியும். பதினாறு வயசுலேர்ந்து வர்றேன்ல.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“நீ கேட்டதே இல்லையே.”

அது சரிதான். வீட்டுக்கு வருகிற நண்டு எங்கிருந்து வருகிறது, விடியுமுன் எழுந்து போகிற இந்த மனிதர் எங்கே போகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் அவள் கல்லூரியில் என்ன படித்தாள் என்று கேட்டதில்லை. அன்று அந்தத் துறைமேடையில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். ஆண் நண்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் வயிற்றைப் புரட்டிக் காட்டினார். அது ஏன் அப்படி இருக்கிறது என்று அவள் சொன்னாள். அமீருல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

திரும்பும் வழியில் ஷேக் தாவூது சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு நீங்க போனது தண்ணி ஏறுற நேரம் புள்ள. நண்டுக்காரங்ககூட அந்த நேரம் சேத்துல காலு வைக்கமாட்டாங்க. எனக்கு அது தெரியும், உனக்குத் தெரியாது. அதான் கத்திட்டேன்.” ஒரு வளைவில் வேனைத் திருப்பிவிட்டு, “போறதுன்னா எங்கிட்ட கேளு. எந்த நேரம் தண்ணி எறங்கும்னு சொல்றேன்” என்றார்.

பைகள் மறுபடியும் நிறையத் தொடங்கின. சில நாள் கரீமா வைத்தாள், சில நாள் அவர் வைத்தார். இருவரும் மறந்துபோன ஒரு நாளில் ஷஃபீகா தன் தலைமுடிக் கிளிப்பை வைத்துவிட்டு, எல்லோரும் நூருலுக்குத் தலை பின்ன வேண்டும் என்றாள். அமீருல் பின்னியதை அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆனது.

நோன்பு முடியப் போகும் வாரத்தில் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. அதைக் கிளப்பியவன் அமீருல்தான்.

“உம்மா, இருபத்தொம்போதோட நோன்பு முடிஞ்சிட்டா முப்பதாவது பைய என்ன செய்யுறது?”

அதை யாரும் யோசிக்கவில்லை. பிறை தெரிந்தால் இருபத்தொன்பது, இல்லாவிட்டால் முப்பது. ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். ஆனால் சுவரில் கண்ணுக்கு முன்னால் ஒரு பை தொங்கும்போது அது வேறு மாதிரி உறுத்தியது. அந்த நாள் இருக்கிறதா, இல்லையா? பிள்ளைகள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டார்கள். பள்ளி உஸ்தாத் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார். வேன்காரர் முப்பது என்று அடித்துச் சொன்னார். வாப்பாவைக் கேட்டபோது, “வருஷா வருஷம் எனக்கும் இதே கவலதான் லா. பெருநாளைக்கு எறைச்சி என்னைக்குக் கொண்டாரச் சொல்றதுன்னு” என்றார். ஷஃபீகாதான் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்து ஓடிவந்தாள்: நாட்டில் அதிகாரிகள் பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று நம் கடைக்கு மேலே இருக்கிற குன்றேதான்.

“தெரியுமே” என்றார் ஷேக் தாவூது. “அங்க வர்றவங்களுக்கு நம்ம கடையிலேர்ந்து சாப்பாடு போவுமே.”

“நீங்க ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீங்களா வாப்பா?”

“கடையில ஆளு நிக்கும்போது நான் எப்படி மா ஏறுறது?”

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை அவரே சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஏறினார். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவதாகக் கடையில் சொல்லியிருந்தார். மேலே தொலைநோக்கிகள் கடலைப் பார்த்து நின்றன. சொங்கோக் தொப்பி அணிந்த அதிகாரிகள், கேமராக்காரர்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிய தகப்பன்மார்கள். சூரியன் இறங்கியது. பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே மேற்கைப் பார்த்தார்கள். அங்கே நீளமாக ஒரு மேகம் படுத்திருந்தது.

நூருல் கையை நீட்டி, “தோ!” என்றாள். பத்துப் பேர் திரும்பினார்கள். அது ஒரு விமானம்.

வரிசையில் நின்று கரீமாவும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். சாம்பலும் ஊதாவுமாக மேகத்தின் ஓரம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. பிறை எங்கும் இல்லை. ஆனாலும் அவளுக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்த பிறகுதான் விலகினாள். ஷேக் தாவூது இரண்டு தடவை வரிசையில் நின்றார். பத்து நிமிஷம் எப்போதோ போய்விட்டது.

இருட்டிய பிறகு கைபேசிகளில் அறிவிப்பு வந்தது. நாளை பெருநாள்.

“யாருமே பாக்கலையே, அப்புறம் எப்படி?” என்றான் அமீருல்.

“நாடு முழுக்கப் பல எடத்துல பாக்குறாங்க. கணக்கும் போட்டு வச்சிருப்பாங்க” என்ற ஷேக் தாவூது சட்டென்று தலையில் கை வைத்தார். “நாளைக்கா? எறைச்சி!” பிள்ளைகளை மறந்து குன்றின் படிகளில் இறங்கி ஓடினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்து, கரீமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நூருல் முப்பதாவது பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“ஒண்ணும் இல்ல.”

“என்ன வைக்கிறதுன்னு எனக்கே தெரியல. வர்ற நாளா, வராத நாளான்னு தெரியாம எப்படி வைக்கிறது?” என்றாள் கரீமா.

“அப்ப அந்த நாள் எங்க போச்சு?” என்று கேட்டாள் நூருல்.

மூவரும் உம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். கரீமா கொஞ்ச நேரம் உண்மையிலேயே யோசித்தாள். “தெரியலையே மா” என்றாள். பிறகு எல்லோரும் பெருநாள் வேலையில் விழுந்தார்கள். யாருக்கும் மருதாணி சரியாகச் சிவக்கவில்லை.

இது நடந்த பிறகு கரீமா சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில், கணவரிடம் கேட்டுத் தண்ணீர் இறங்குகிற நேரமாகப் பார்த்து, தெருப் பிள்ளைகளைப் பலகைப் பாதைக்குக் கூட்டிப்போகிறாள். கம்பிக்கு அடியில் நுழைகிறவர்களை அமீருல் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். புஷ்பவள்ளியின் காரையே எத்தனை நாள் நம்பியிருப்பது என்று ஓட்டுநர் பயிற்சிக்கும் சேர்ந்தாள். மேட்டில் நிறுத்தி எடுக்கும் சோதனையில் முதல் தடவை கார் பின்னால் உருண்டது. இரண்டாவது தடவை உருளவில்லை.

உரிமம் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் கடையைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டு ஷேக் தாவூதும் வீட்டுக்கென்று வாங்கிய பழைய காரில் ஏறிக்கொண்டார். கதவுக்கு மேலிருந்த பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

“எங்க போறோம்?”

“எனக்கும் தெரியாது மச்சான். வடக்கால போவோம்.”

தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. ஒரு வயலில் அறுவடை இயந்திரம் போய்க்கொண்டிருக்க, அதன் பின்னால் கொக்குகள் வெள்ளையாக நூற்றுக்கணக்கில் இறங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்பாக, மூன்று மடங்கு உயரமாக, தலையில் முடியே இல்லாமல், அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

“பெரிய முதலாளி மாதிரி நடக்குது பாருங்க” என்றாள் ஷஃபீகா.

கரீமா விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, காரை மெதுவாக ஓரம் கட்டினாள்.

“என்ன பறவ புள்ள அது?” என்று கேட்டபடி ஷேக் தாவூதே முதலில் கதவைத் திறந்தார்.

“தெரியலயே” என்றாள் அவள், கண்ணை அதிலிருந்து எடுக்காமல். “சத்தம் போடாம எறங்குங்க. பக்கத்துல போயி பாப்போம்.”

ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் இறங்கி நடந்தார்கள்.